கையும் காலும் சொன்னபடி கேட்காத குழந்தைகள்

காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையம் நெசவாளர்கள் நெருங்கி வாழும் பகுதி. தறிகள் குறைந்துவிட்ட இந்நாளிலும், அங்குள்ள சந்துகளில் காலை வேளையில் நடந்து சென்றால் நாடா ஓடும் ஓசை காதில் விழும். கால் மிதிக்க, ஒரு கை நாடாவை எறிய, மறு கை அச்சை இழுத்துத் தட்ட, கண் ஜரிகையைக் கவனிக்க, நான்கும் ஒன்றோடொன்று இசைந்து இயங்கினால்தான் பட்டு பட்டாகும். கைத்திறனே சோறு போடும் இத்தகைய ஊரில் ஒரு பிள்ளைக்குக் ‘கை வரவில்லை’ என்றால், அந்தப் பிள்ளை கேட்கும் வசவுகளைச் சொல்லி முடியாது.

அப்பகுதியிலிருந்து எங்கள் மதரஸாவுக்கு எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் வந்துகொண்டிருந்தான். அவனுடைய தாயார் கூலிக்குப் பட்டு நூல் சுற்றுபவர். பாடத்தை இரண்டு முறை ஓதிக் கொடுத்தால் மூன்றாம் முறை பிசகாமல் ஒப்புவித்துவிடுவான். ஆனால் நோட்டில் எழுதச் சொன்னால் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்; வரி சரிந்து பக்கத்தின் அடிக்கு ஓடும். பென்சில் முனை நாளுக்கு நான்கு முறை ஒடியும். ஒளூச் செய்து வந்தால் சட்டை முழுவதும் நனைந்திருக்கும். பொத்தான்கள் இடம் மாறியிருக்கும். சமமான தரையிலும் தடுக்கி விழுவான்.

ஏறத்தாழ ஓராண்டுக் காலம் நான் அவனைக் கவனக்குறைவானவன் என்றே எண்ணியிருந்தேன். “பத்து முறை எழுதிக் கொண்டு வா” என்று தண்டித்தும் இருக்கிறேன். ஒருநாள் அவனுடைய தாயார் வந்தார். “ஹஜ்ரத், வீட்டிலும் இவன் இப்படித்தான். கெஞ்சிப் பார்த்தேன், அடித்தும் பார்த்துவிட்டேன். ஆனால் ஒன்று. இரவில் எல்லோரும் படுத்த பிறகு தனியே உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுப் போட்டுப் பழகுகிறான். சோம்பேறிப் பிள்ளை இப்படிப் பழகுமா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மருத்துவரிடம் அழைத்துச் செல்லுமாறு கூறினேன். நான்கு முறை சென்று வந்த பிறகுதான் பதில் கிடைத்தது. அந்தப் பதிலைத் தேடி அறிந்தவற்றை நம் பெற்றோர்களும் ஆசிரியர்களும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

குறைபாட்டின் பெயர்

அறிவிலோ பார்வையிலோ தசைகளிலோ குறை எதுவும் இல்லாதிருந்தும், உடலசைவுகளைத் திட்டமிட்டு ஒழுங்காகச் செய்ய இயலாத நிலைக்கு ‘டிஸ்பிராக்சியா’ என்று பெயர். மருத்துவர்கள் இன்று இதனை ‘வளர்ச்சிசார் ஒருங்கிணைப்புக் குறைபாடு’ என்று குறிப்பிடுகிறார்கள்.

இது புதிதாகத் தோன்றிய நோயன்று. அமெரிக்க மருத்துவரான சாமுவேல் ஆர்ட்டன் 1937ஆம் ஆண்டிலேயே, வழக்கத்துக்கு மாறான தடுமாற்றமுடைய குழந்தைகளைப் பற்றி எழுதினார். ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் கப்பே 1975ஆம் ஆண்டில் இத்தகைய குழந்தைகளைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். 1987ஆம் ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டில் இது இடம்பெற்றது. 1994ஆம் ஆண்டில் கனடாவின் லண்டன் நகரில் கூடிய வல்லுநர்கள், இனி எல்லோரும் ஒரே பெயரால் இதனை அழைப்பது என்று முடிவெடுத்தார்கள். அதற்கு முன் மருத்துவ நூல்களிலேயே ‘தடுமாறும் குழந்தை’ என்ற பெயரும் வழங்கிவந்தது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட கையேட்டின்படி, 5 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைகளில் 100க்கு 5 அல்லது 6 பேருக்கு இக்குறைபாடு இருக்கிறது. அக்கணக்கின்படி 40 பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில் இருவராவது இருப்பர். ஆண் பிள்ளைகளிடமே மிகுதியாகக் காணப்படுகிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும், மிகக் குறைந்த எடையுடன் பிறந்த குழந்தைகளுக்கும் வாய்ப்பு அதிகம். ஆயினும் பெரும்பாலோருக்கு இன்ன காரணம் என்று திட்டமாகச் சொல்ல இயலாது. தாயின் வளர்ப்பில் குறை என்று சொல்வது எவ்வகையிலும் பொருந்தாது.

ஜக்கார்டு பெட்டி சொல்லும் பாடம்

இக்குறைபாடு எப்படிப்பட்டது என்பதைத் தறியைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். ஜக்கார்டு பெட்டி பூட்டிய தறியில் துளையிட்ட அட்டைகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். எந்த நேரத்தில் எந்த இழை எழும்ப வேண்டும் என்பதை அந்த அட்டைகளே தீர்மானிக்கின்றன. பாவும் நல்ல பாவு, ஊடையும் நல்ல ஊடை, நெசவாளியும் தேர்ந்தவர் என்று வைத்துக்கொள்வோம். அட்டைகளின் வரிசை மாறிவிட்டால் மயில் மயிலாக விழாது. அதற்காக நாம் நூலைக் குறை சொல்வதில்லை.

இந்தக் குழந்தைகளின் நிலையும் அதுதான். கை நல்ல கை. தசைக்கு வலு உண்டு. பொத்தானை எப்படிப் போட வேண்டும் என்ற அறிவும் உண்டு. ஆனால் எந்த விரல் முதலில் அசைய வேண்டும், எவ்வளவு அழுத்த வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று மூளை வகுத்துத் தரும் வரிசை முறையாக அமைவதில்லை. மற்றப் பிள்ளைகளுக்குச் சில நாள் பழக்கத்தில் தானாக வந்துவிடும் செயலை இவர்கள் ஒவ்வொரு முறையும் புதிதாக யோசித்தே செய்ய வேண்டியிருக்கிறது. ஆகவே இவர்கள் விரைவில் களைத்துவிடுகிறார்கள். நேற்று சரியாகச் செய்ததை இன்று செய்ய முடியாமல் திணறுகிறார்கள். “நேற்று முடிந்தது, இன்று முடியாதா? வேண்டுமென்றே செய்கிறான்” என்று நாம் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான்.

வயதுக்கு ஏற்ற அடையாளங்கள்

பெரும்பாலான குழந்தைகள் 3 வயதில் வட்டம் வரைவார்கள். மூன்று சக்கர வண்டியை மிதிப்பார்கள். 4 வயதில் கூட்டல் குறி போன்ற வடிவத்தைப் பார்த்து வரைவார்கள். ஒற்றைக் காலில் சற்றே தத்துவார்கள். பெரிய பொத்தான்களைத் தாமே போட முயல்வார்கள். 5 வயதுக்குள் வீசிய பந்தை ஓரளவு பிடிக்கவும், கத்தரிக்கோலால் காகிதத்தை வெட்டவும், முக்கோணம் வரையவும் கற்றுக்கொள்கிறார்கள். சில மாதங்கள் முன்பின் ஆவது இயல்பே. பல செயல்களில் ஒருசேர, நெடுங்காலமாகப் பின்தங்கியிருப்பதே கவனிக்க வேண்டிய செய்தி.

பள்ளி செல்லும் பருவத்தில் காணக்கூடிய அடையாளங்கள் வருமாறு:

உண்ணும்போது சோறு மிகுதியாகச் சிந்துதல். தம்ளரை அடிக்கடி தட்டிவிடுதல்.

பொத்தான், நாடா, பெல்ட், செருப்பு வார் ஆகியவற்றோடு நாள்தோறும் போராடுதல். சட்டையை முன்பின்னாக அணிதல்.

எழுத்து மிக மெதுவாகவும் ஒழுங்கற்றும் இருத்தல். பென்சிலை மிக இறுக்கியோ மிகத் தளர்த்தியோ பிடித்தல். வாய்மொழியில் சொல்வதில் கால் பங்கைக்கூட எழுத்தில் கொண்டுவர முடியாமை.

பந்து, கயிறு தாண்டுதல், சைக்கிள் ஆகியவற்றிலிருந்து ஒதுங்குதல். விளையாட்டு வகுப்பு நாளில் வயிற்றுவலி என்று சொல்லுதல்.

கதவிலும் மேசையிலும் இடித்துக்கொள்ளுதல். மாடிப்படி இறங்க அஞ்சுதல்.

பெண் குழந்தைகளைப் பற்றித் தனியே ஒரு சொல். அமைதியாக ஒதுங்கி அமர்ந்துவிடும் பெண் பிள்ளையின் தடுமாற்றம் பள்ளியில் எவர் கண்ணிலும் படுவதில்லை. வீட்டில் மட்டும், ‘பாத்திரம் கழுவத் தெரியவில்லை, ஊசியில் நூல் கோக்கத் தெரியவில்லை, போகிற இடத்தில் எப்படிப் பிழைப்பாள்’ என்ற பேச்சாக அது வெளிப்படுகிறது. அந்தப் பேச்சுக்குப் பின்னால் கண்டறியப்படாத குறைபாடு ஒன்று இருக்கக்கூடும் என்பதைத் தாய்மார்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முடிவு கட்டுவதற்கு முன் நான்கு கேள்விகள்

மேற்கண்ட பட்டியலைப் படித்தவுடன் தம் பிள்ளைக்கும் இந்நோய் உண்டு என்று எவரும் அஞ்ச வேண்டாம். மருத்துவர்கள் நான்கு கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகே இப்பெயரைச் சூட்டுகிறார்கள்.

முதற் கேள்வி: வயதையும், கற்றுக்கொள்ளக் கிடைத்த வாய்ப்பையும் கருத்தில் கொண்டு பார்த்தாலும் பிள்ளையின் செயல்திறன் மிகவும் பின்தங்கியிருக்கிறதா? வாய்ப்பு என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். எட்டு வயது வரை தாயே ஊட்டிவிட்டு, தாயே உடுத்திவிட்டு, கையில் கைபேசியை மட்டும் கொடுத்து அமர வைத்த பிள்ளைக்குப் பொத்தான் போடத் தெரியாவிட்டால் அது நோயாகாது. முதலில் அவனுக்குச் செய்து பழகும் வாய்ப்பைத் தர வேண்டும். பல மாதங்கள் பொறுமையாகப் பழக்கியும் கை வராவிட்டால்தான் ஐயம் எழுகிறது.

இரண்டாம் கேள்வி: உடுத்துதல், உண்ணுதல், எழுதுதல், விளையாடுதல் போன்ற அன்றாட வாழ்வை அது உண்மையாகவே பாதிக்கிறதா? பந்து பிடிக்கத் தெரியாத எல்லோரும் நோயாளிகள் அல்லர்.

மூன்றாம் கேள்வி: சிறுவயது முதலே இப்படி இருக்கிறதா? பத்து வயது வரை நன்றாக எழுதி, ஓடி, விளையாடிய பிள்ளை திடீரென்று தடுமாறினால் அது வேறு நோய். காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நான்காம் கேள்வி: பார்வைக் குறை, மூளை வளர்ச்சிக் குறை, மூளை முடக்குவாதம், தசை நோய் முதலிய வேறு காரணங்கள் இல்லை என்பது உறுதியாகிவிட்டதா? எளிய கண்ணாடி ஒன்றில் தீர்ந்துபோகக் கூடிய தடுமாற்றத்தைப் பெரிய நோயாகக் கருதுவதும் தவறு. பெரிய நோயை வெறும் தடுமாற்றமாகக் கருதுவதும் தவறு.

தாமதம் கூடாத அறிகுறிகள்

செய்யத் தெரிந்த செயலைப் பிள்ளை மறந்துகொண்டே வருதல், உடலின் ஒரு பக்கம் மட்டும் வலுவிழத்தல், கை நடுக்கம், வலிப்பு, காலையில் தலைவலியோடு வாந்தி, நாளுக்கு நாள் நடை தள்ளாடுதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மற்றொன்றையும் பெற்றோர்கள் நினைவில் கொள்ள வேண்டும். டுஷேன் தசைச் சிதைவு நோய் என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் ஆண் பிள்ளைகளையே தாக்கும் இந்நோய், சிறு வயதில் வெறும் தடுமாற்றம் போலவே தோன்றும். பிள்ளை அடிக்கடி விழுவான், நுனிக்காலில் நடப்பான், கெண்டைக்கால் பருத்திருக்கும். தரையில் அமர்ந்தவன் எழும்போது நேராக எழ முடியாமல், முழங்காலிலும் தொடையிலும் கையை ஊன்றித் தன் உடலின்மேல் தானே ஏறுவதுபோல் எழுந்திருப்பான். தரையில் அமர்ந்து உண்பதும் ஓதுவதும் தொழுகையில் அமர்ந்து எழுவதும் வழக்கமாயுள்ள நம் வீடுகளில் இதனைக் கண்டுகொள்வது எளிது. அவ்வாறு எழக் கண்டால் அன்றே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இடக்கைப் பழக்கம் குறைபாடன்று

இடக்கையால் எழுதுவது நோயுமன்று, குறைபாடுமன்று. வலக்கையால் உண்ண வேண்டும் என்ற ஒழுக்கத்தை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அதனோடு சேர்த்து, எழுதும் கையையும் வற்புறுத்தி மாற்றிவிடும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. இயல்பாக இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளையின் பென்சிலை வலக்கைக்கு மாற்றிவிட்டு, அதன்பின் எழுத்து கோணல் என்று கடிந்துகொள்வது நியாயமாகாது. பரிசோதனைக்குச் செல்லும்போது இத்தகைய மாற்றம் எதுவும் நடந்திருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தை ஒரு கையை மட்டுமே பயன்படுத்தி மறு கையை மடக்கியே வைத்திருந்தால், அது இடக்கைப் பழக்கமோ வலக்கைப் பழக்கமோ அன்று. மறு கையில் வலுவின்மை இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும்.

பரிசோதனை நடக்கும் முறை

இரத்தப் பரிசோதனையாலோ ஸ்கேனாலோ இக்குறைபாட்டைக் கண்டறிய முடியாது. வேறு நோய் உண்டோ என்ற ஐயம் எழுந்தால்தான் அவை தேவைப்படும். குழந்தை மருத்துவர் முதலில் பிறப்பு முதல் நடந்தவற்றைக் கேட்பார். எத்தனையாவது மாதத்தில் பிறந்தது, பிறந்தபோது எடை என்ன, எப்போது உட்கார்ந்தது, எப்போது நடந்தது என்பவற்றைக் குறித்துக்கொள்வார். நரம்புகள், தசைகள், மூட்டுகள், கண் ஆகியவற்றைச் சோதிப்பார்.

அடுத்து ‘ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்’ எனப்படும் செயல்முறைச் சிகிச்சையாளர் பிள்ளையின் இயக்கத்தை அளவிடுவார். உலகெங்கும் வழங்கும் ஒரு சோதனை மூன்று பகுதிகளைக் கொண்டது. விரல்களின் திறன் ஒரு பகுதி. எறிதலும் பிடித்தலும் மற்றொரு பகுதி. உடலின் சமநிலை மூன்றாம் பகுதி. அதே வயதுடைய 100 பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால் இப்பிள்ளை எந்த இடத்தில் நிற்பான் என்பதை அதன் மதிப்பெண் காட்டும். கடைசி 5 இடங்களுக்குள் வந்தால் குறைபாடு கடுமையானது. கடைசி 16 இடங்களுக்குள் வந்தாலும் மற்ற மூன்று கேள்விகளோடு சேர்த்துக் கவனமாக ஆராய வேண்டும். கனடாவில் உருவாக்கப்பட்ட 15 கேள்விகளைக் கொண்ட வினாத்தாள் ஒன்றும் உண்டு. 5 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோர்கள் அதற்கு விடையளிக்கிறார்கள். வினாத்தாள் ஐயத்தை எழுப்பும். அதைக் கொண்டு மட்டும் நோயை முடிவு செய்வதில்லை.

பொதுவாக 5 வயதுக்கு முன் இப்பெயரைச் சூட்டுவதில்லை. சிறு பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேகத்தில் வளர்வதே காரணம். அதற்கு முன்பே சூட்ட வேண்டிய அளவு கடுமையாக இருந்தால், குறைந்தது 3 மாத இடைவெளியில் இரு முறை சோதிக்க வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல் கூறுகிறது. கவனச்சிதறல் கோளாறு, படிப்பதில் இடர்ப்பாடு, பேச்சுத் தடங்கல் ஆகியவை இக்குறைபாட்டோடு சேர்ந்து வருவது மிகவும் வழக்கம். அவற்றையும் உடன் பார்க்கச் சொல்ல வேண்டும்.

மருத்துவரிடம் செல்லும்போது வெறுங்கையோடு செல்ல வேண்டாம். பிறப்புச் சீட்டு, பள்ளி நோட்டு இரண்டு, ஆசிரியர் எழுதிய ஒரு பக்கக் குறிப்பு ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். பிள்ளை உடுத்துவதையும் உண்பதையும் வீட்டில் கைபேசியில் படம் பிடித்துக் காட்டலாம். தாய் ஒன்றைக் காண்கிறார், பள்ளி ஆசிரியர் ஒன்றைக் காண்கிறார், மதரஸா ஆசிரியர் வேறொன்றைக் காண்கிறார். மூன்றும் ஒரே தாளில் சேரும்போதுதான் மருத்துவருக்கு முழுப் பிள்ளையும் கண்ணுக்குத் தெரிகிறது. எங்கள் சிறுவன் விஷயத்தில் ஓராண்டு வீணானதற்குக் காரணம், நாங்கள் மூவரும் தனித்தனியே அவனைக் கடிந்துகொண்டிருந்ததுதான்.

எங்கே செல்வது?

மத்திய அரசு 2013ஆம் ஆண்டில் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்னும் சிறார் நலத் திட்டத்தின்கீழ், மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பார்க்கின்றன. வளர்ச்சித் தாமதமும் கற்றல் இடர்ப்பாடும் அத்திட்டத்தின் பட்டியலில் உள்ளன. அக்குழு வரும் நாளை ஆசிரியரிடம் கேட்டறிந்து, நம் ஐயத்தை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். மேல் பரிசோதனைக்காக மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் உள்ளன. காஞ்சிபுரம் வாசிகள் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் முதலில் விசாரிக்கலாம்.

அதற்கு அப்பால், சென்னை எழும்பூரில் அரசு குழந்தைகள் மருத்துவமனையும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் குழந்தை வளர்ச்சிக்கெனத் தனிப் பிரிவும் உள்ளன. முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. காட்டாங்கொளத்தூரில் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தின் ஆக்குபேஷனல் தெரபி கல்லூரி இருக்கிறது. 2019ஆம் ஆண்டில் செங்கல்பட்டு மாவட்டம் பிரிக்கப்படும் வரை இவ்விரண்டு ஊர்களும் நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இருந்தவை.

தாயத்துக் கட்டியும் கண்ணேறு கழித்தும் ஆண்டுகளைக் கழிப்பதாலோ, ‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்று காத்திருப்பதாலோ பயனில்லை. இக்குறைபாடு உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது வளரிளம் பருவத்திலும் தொடர்கிறது. அதற்குள் விளையாட்டிலிருந்து ஒதுங்கி உடல் பருத்து, தன்னம்பிக்கை இழந்து, மனச்சோர்வில் விழுந்துவிடும் பிள்ளைகள் பலர்.

சட்டத்தில் இருக்கும் ஒரு சொல்

1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகை ஊனங்களை மட்டுமே ஏற்றது. இத்தகைய பிள்ளைகளுக்கு அதில் இடமே இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதனை 21 வகையாக விரித்தது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள அச்சட்டத்தின் அட்டவணையில், குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகள் என்ற தலைப்பின்கீழ் ‘டிஸ்பிராக்சியா’ என்ற சொல் வெளிப்படையாகவே இடம்பெற்றிருக்கிறது. பெற்றோர்களில் பெரும்பாலோர் இதனை அறியமாட்டார்கள்.

கற்றல் குறைபாடுகளை எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில் கண்டறிந்து, ஏற்ற கற்பித்தல் முறைகளை மேற்கொள்ள வேண்டும் என்று அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு கல்வி நிலையங்களைப் பற்றிக் கூறுகிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவரின் உதவி ஆகியவற்றை 17ஆம் பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் குறையுடைய தேர்வர் ஒருவரின் வழக்கில், எழுதுபவர் உதவியை 40 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஊனமுடையோருக்கு மட்டும் என்று சுருக்கக் கூடாது என உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. பொதுத்தேர்வு நெருங்கிய பின் ஓடுவதைவிட, கீழ் வகுப்புகளிலேயே மருத்துவ அறிக்கைகளைச் சேர்த்து வைப்பது நல்லது.

வீட்டிலும் வகுப்பறையிலும்

இதற்கு மாத்திரை இல்லை, தைலமும் இல்லை. செய்ய வேண்டிய செயலையே சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துப் பழக்குவதே பயன் தரும் சிகிச்சை. கனடா நாட்டுச் சிகிச்சையாளர்கள் வகுத்த முறை ஒன்றில் நான்கு படிகள் உண்டு. எதைச் செய்யப் போகிறேன், எப்படிச் செய்யப் போகிறேன், செய்து பார்க்கிறேன், என் திட்டம் பலித்ததா என்று பார்க்கிறேன். இந்நான்கையும் பிள்ளை தன் வாயாலேயே சொல்லிச் செய்யப் பழகுகிறான். விடையை நாம் சொல்லிவிடாமல், அவனே கண்டுபிடிக்கும்படி கேள்வி கேட்க வேண்டும் என்பது இம்முறையின் உயிர்நாடி.

பொத்தான் போடப் பழக்கும்போது சட்டையை முதலில் மடியில் விரித்து வைத்துப் பழக்கலாம். நாம் எல்லாப் பொத்தான்களையும் போட்டுக் கடைசிப் பொத்தானை மட்டும் அவனிடம் விடலாம். அது கைவந்த பின் கடைசி இரண்டை விடலாம். எழுதும்போது கால் தரையில் பதியும்படி அமர வேண்டும். நோட்டு நழுவாமல் ஒட்டி வைக்கலாம். அகன்ற வரியுள்ள நோட்டு தரலாம். நாளுக்குப் பதினைந்து நிமிடப் பழக்கம் போதும். ஒரு மணி நேரத் தண்டனை எழுத்து களைப்பையும் வெறுப்பையும் மட்டுமே வளர்க்கும். ஆசிரியர்கள் பாடத்தை வாய்மொழியாக ஒப்புவிக்க இடம் தர வேண்டும். எழுத்தின் அழகுக்கும் அறிவுக்கும் தனித்தனியே மதிப்பெண் இட வேண்டும். மற்றப் பிள்ளைகள் முன்னிலையில் அவனை நடித்துக் காட்டிச் சிரிக்கும் வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும்.

எங்கள் சிறுவன் இப்போது வாரம் ஒரு முறை சிகிச்சைக்குச் செல்கிறான். அவனுடைய எழுத்து இன்னும் நேராகிவிடவில்லை. ஆயினும் சட்டையைத் தானே போட்டுக்கொண்டு வருகிறான். எழுத்துப் பாடத்தில் பாதியை எழுதுகிறான், மீதியை ஒப்புவிக்கிறான். முடிவு தெரிந்த மறுநாள் அவனை அருகில் அழைத்து, “தம்பி, உன்னைத் தண்டித்தது என் தவறு” என்றேன். அவன் சற்று நேரம் தலை குனிந்து நின்றான். பிறகு, “அப்படியானால் நான் கெட்ட பிள்ளை இல்லையா, ஹஜ்ரத்?” என்று கேட்டான்.

எட்டு வயதுப் பிள்ளை தன் மனத்துக்குள் ஓராண்டாகச் சுமந்துகொண்டிருந்த கேள்வி அது. பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே! நம் வீட்டிலோ வகுப்பிலோ தட்டிக் கொட்டித் தடுமாறும் பிள்ளை ஒன்று இருந்தால், பிரம்பை எடுப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்துக் கண்டவற்றைக் குறித்து வையுங்கள். அந்தத் தாளோடு மருத்துவரிடம் செல்லுங்கள்.